ஜப்பான் கேசட்டும் நம்ம ஊரு பட்ஜெட்டும்: வாசகர் கேள்வி, பதில்

போன இதழ்ல பழைய ஜப்பான் வீடியோ கேம் பத்தி ரெண்டே ரெண்டு பத்திதான் எழுதினேன், அதுக்கு தர்மபுரி கிருஷ்ணகிரி பக்கத்துல இருந்து இவ்ளோ கடுதாசி வரும்னு நெனைக்கல. அதுலயும் நெறைய பேரு ஆர்பிஜி பத்திதான் கேட்டிருக்கீங்க, அதாவது ஒரு ஆளு பாத்திரமா ஊரு ஊரா நடந்து, பேசி, சண்டை போட்டு, பலம் ஏத்திக்கிட்டு போற கதை கேம். அதனால இந்த தடவ பக்கம் முழுக்க அதுக்கே.

கேள்வி: அண்ணா, நான் பாலக்கோடு. காலேஜ் ரெண்டாவது வருஷம், தக்காளி மண்டியில சாயங்காலம் கணக்கு எழுதறேன். எல்லாம் போக மாசம் 1,500 ரூபா மிஞ்சும். ஜப்பான் ஆர்பிஜி கேசட் சேக்கணும்னு ரொம்ப நாள் ஆசை. வீடியோல பாக்குறவங்க எல்லாம் அலமாரி நெறைய வச்சிருக்காங்க. என்னால முடியுமா?

முடியும் தம்பி, ஆனா அலமாரிய பாத்து ஆரம்பிக்காத. அவங்க வாங்குறது அரிதான கேம், அட்டைப்பெட்டி கசங்காதது, சீல் பிரிக்காதது. நீ வாங்க வேண்டியது அதுக்கு நேர் எதிர், ஜப்பான்ல அத்தன வீட்லயும் இருந்த கேம். டிராகன் குவெஸ்ட் 5, 6, ஃபைனல் ஃபேன்டஸி 4, 5, 6, ரொமான்சிங் சாகா 2, 3, க்ரோனோ ட்ரிக்கர், இதெல்லாம் நிண்டெண்டோ கம்பெனியோட சூப்பர் ஃபேமிகாம்ங்கற கன்சோல்ல, அதாவது டிவியில சொருகற கேம் மெஷின்ல, ஓடற கேசட். லட்சக்கணக்குல அடிச்சு வித்தது, அதனால இன்னிக்கும் அங்க பழைய சாமான் கடையில குமிஞ்சு கிடக்கு. 1994-ல ஃபைனல் ஃபேன்டஸி 6 வந்தப்ப கடை விலை 11,400 யென், அடுத்த வருஷம் வந்த க்ரோனோ ட்ரிக்கரும் அதே 11,400. அந்த ஊரு பையன் புது வருஷத்துக்கு பெரியவங்க கையில குடுக்கற காச சேத்து வச்சு வாங்கின சாமான் அது. இப்ப பெட்டி இல்லாத வெறும் கேசட்டு சில நூறு யென்னுக்கு கிடைக்குது. அதே கேம் அமெரிக்கா கேசட்டா வேணும்னா விலை எங்கயோ போயிடும், அங்க அடிச்சது கம்மி, தேடுற ஆளு ஜாஸ்தி. மதர் 2-ன்னு 1994-ல ஒரு கேம், அமெரிக்காவுல எர்த்பவுண்ட்னு பேரு, அந்த அமெரிக்கா கேசட்டுக்கு பல நூறு டாலர் கேக்கறாங்க, ஜப்பான் கேசட்டு அதுல கொஞ்சூண்டு காசுதான்.

இப்ப கணக்கு. யென்னு நம்ம காசுல அரை ரூபாய்க்கு கொஞ்சம் மேல. 500 யென் கேசட்டு அஞ்சு எடுத்தா 1,400, 1,500 ரூபா ஆகும், அடடா ஒரு மாச காசுலயே அஞ்சு கேமான்னு தோணும், அங்கதான் எல்லாரும் ஏமாறுறாங்க. ஜப்பான்ல விக்கிற ஆளு பெரும்பாலும் வெளிநாட்டுக்கு அனுப்ப மாட்டாரு, நடுவுல ஒரு ஏஜென்ட் கம்பெனி நமக்காக வாங்கி தன்னோட கிடங்குல வச்சு அனுப்பும், பையீ, சென்மார்க்கெட் மாதிரி. அந்த ஏஜென்ட் கூலி, ஜப்பானுக்குள்ள கிடங்கு வரைக்கும் தபால், அங்கிருந்து இங்க தபால், இங்க வந்ததும் சுங்க வரி, நாலும் சேரும். என் நோட்டுல எழுதி வச்சிருக்க கணக்குப்படி கேசட் விலை எவ்ளோவோ அதே அளவுக்கு இன்னொரு பங்கு, சில தடவ ஒன்றரை பங்கு, மேல் செலவு ஆயிருக்கு. ஒத்த கேசட்டா வரவழைச்சா அது நாலஞ்சு பங்கு ஆயிடும்.

அதனால மாசா மாசம் வாங்காத. மூணு மாசம் சேத்து வை, 4,500 ஆகட்டும். கிடங்குல சாமான குறிப்பிட்ட நாள் வரைக்கும் காசு வாங்காம வச்சிருப்பாங்க, அந்த நாளுக்குள்ள அஞ்சாறு கேசட்டு பாத்து பாத்து எடுத்து ஒரே பார்சலா கட்டச் சொல்லு. ஒரு கேசட்டு நூறு கிராம் கிட்டதான், ஆறு போட்டாலும் ஒரு கிலோவுக்குள்ள அடங்கிடும். பெட்டியோட வாங்கினா எடையும் ஏறும், விலையும் பல மடங்கு, வர்ற வழியில அட்டை நசுங்கினா மனசும் நோகும். பட்ஜெட்டுக்காரனுக்கு பெட்டி வேண்டாம். வருஷத்துக்கு நாலு பார்சல், இருபது கேமுக்கு மேல, ஒவ்வொண்ணும் முப்பது நாப்பது மணி நேரம் ஓடும். அத விளையாடி முடிக்கவே உனக்கு வேலை கிடைச்சு கல்யாணமும் ஆயிடும்.

கேள்வி: ஓசூர் சிப்காட்டுல ஷிப்ட்டு வேலை பாக்குறேன்ணா. ஜப்பான் சைட்ல மொழிபெயர்ப்பு போட்டு பாத்தா பாதி சாமான்ல "குப்பை"ன்னு வருது. குப்பைய ஏன் விக்கிறாங்க, வாங்கலாமா?

அது குப்பை இல்லப்பா, அந்த வார்த்தை "ஜங்க்கு". அவங்க பேச்சுல அதுக்கு அர்த்தம் "ஓடுதா ஓடலையான்னு நான் பொறுப்பு ஏத்துக்க மாட்டேன், திருப்பியும் வாங்க மாட்டேன்" அவ்ளோதான். சோதிச்சு பாக்க நேரமில்லாம ஜங்க்குன்னு போடுறவங்களும் உண்டு, நெஜமாவே செத்துப்போனத போடுறவங்களும் உண்டு. கேசட்டுன்னா தைரியமா எடுக்கலாம், உள்ள சுத்துற பாகம் எதுவும் இல்ல, பெரும்பாலும் அடியில இருக்க உலோகப் பின்னுல அழுக்குதான் வியாதி. நான் ஜங்க்குன்னு வாங்கின கேசட்டுல தொடச்சும் ஓடாதது ரொம்ப கம்மி. ஆனா கன்சோல், சிடி கேம், இத ஜங்க்குல எடுக்காத, லென்ஸு போயிருந்தா இங்க பாகம் தேடி அலையணும்.

கூட ரெண்டு மூணு வார்த்தை தெரிஞ்சு வச்சுக்க. "டோசா ககுனின் ஜுமி" அப்படின்னா ஓட்டி பாத்தாச்சுன்னு அர்த்தம். "ஹாகோ" பெட்டி, "செட்சு" அதோட வர்ற விளக்க புத்தகம். "மத்தோமே" அப்படின்னா மொத்தமா குவியலா விக்கிறது, நம்ம சந்தையில கூறு கட்டி விக்கிற மாதிரி. பத்து கேசட் கூறுல மூணு உனக்கு வேணும்னாலும் தனித்தனியா எடுக்கறத விட அது லாபமா இருக்கும்.

அப்புறம் "பேர் எழுதினது"ன்னு ஒரு வகை இருக்கு. அங்க பசங்க கேசட்ட ஒருத்தருக்கொருத்தர் இரவல் குடுப்பாங்க, தொலஞ்சுடக்கூடாதுன்னு பின்னாடி மார்க்கர்ல பேரு எழுதிடுவாங்க. சேகரிக்கிறவங்க அத ஒதுக்குறதால விலை எறங்கிடும். எனக்கு அந்த கேசட்டு மேல தனி பிரியம். என்கிட்ட இருக்க டிராகன் குவெஸ்ட் 5-ல பின்னாடி கருப்பு மையில கோணல்மாணலா ரெண்டெழுத்து, ஹிரகானாங்கற ஜப்பான் ஒலியெழுத்துல, ரெண்டாவது எழுத்தோட வால் இடம் பத்தாம ஓரத்துல வளஞ்சு போயிருக்கும். போட்டு ஆன் பண்ணினா உள்ள பேட்டரி இன்னும் உயிரோட, "சாகசப் புத்தகம் 1"ல அந்தப் புள்ளையோட சேவ், அதாவது ஆட்டத்த நிறுத்தின எடத்தோட பதிவு, அப்படியே கிடக்கு, கேம் வந்தது 1992 செப்டம்பர்ல. கதாநாயகனுக்கு வச்ச பேரும் பின்னாடி எழுதியிருக்க அதே பேருதான். கடைசி கட்டத்துக்கு முன்னாடி நிறுத்தியிருக்கு, ஏன் நிறுத்துச்சோ. நான் ரெண்டாவது புத்தகத்துல என் ஆட்டத்த ஆரம்பிச்சேன், அத தொடல.

கேள்வி: தம்பி, நான் காவேரிப்பட்டினத்துல தமிழாசிரியை. என் தங்கச்சி மகன் நீங்க எழுதினத காட்டி வாங்கித்தா வாங்கித்தான்னு நிக்கிறான். ஜப்பான் மொழியில இருக்கற கதைய அவன் எப்படி படிச்சு விளையாடுவான்? படம் பாத்தே ஓட்டிட முடியுமா?

அம்மா, இந்தக் கேள்விக்காகத்தான் இந்தப் பக்கத்தையே எழுத உக்காந்தேன்னு சொல்லலாம், கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

படம் பாத்து கொஞ்ச தூரம் ஓடும், ஆனா ஆர்பிஜியில ஊர்க்காரங்க சொல்ற பேச்சுலதான் அடுத்து எங்க போறதுங்கறதே இருக்கு. படிச்சுத்தான் ஆகணும். நல்ல விஷயம் என்னன்னா ஆரம்ப கால கேமுல கஷ்டமான சித்திர எழுத்து கிடையாது, கான்ஜின்னு சொல்றாங்களே அது. 1986-ல வந்த முதல் டிராகன் குவெஸ்ட் மொத்தமே 64 கேபி, இன்னிக்கு உங்க போன்ல எடுக்கற ஒரு போட்டோவுக்கு கூட பத்தாத இடம். அதுல ஊரு, குகை, பாட்டு, கதை எல்லாம் அடங்கணும், அதனால ஹிரகானா எழுத்தும், கூட கதகானாங்கற இன்னொரு ஒலியெழுத்து வகையில ஒரு இருபது எழுத்தும் மட்டும் வச்சு எழுதினாங்க. ஹிரகானாவுல அடிப்படை எழுத்து 46 தான்.

அந்த 46 எழுத்த அவங்க பள்ளிக்கூடத்துல எந்த வரிசையில சொல்லித் தர்றாங்க தெரியுங்களா? அ, இ, உ, எ, ஒ. அப்புறம் க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. நீங்க தினமும் கரும்பலகையில எழுதற வரிசை! நம்ம க ங ச ஞ ட ண த ந ப ம ய ர ல வ-ல அவங்ககிட்ட இல்லாத ஒலிய எடுத்துட்டு பாருங்க, மிச்சம் அப்படியே நிக்கும். ப இருக்க வேண்டிய எடத்துல மட்டும் ஹ இருக்கு, அதுவும் பழைய காலத்துல ப-வாத்தான் இருந்துச்சுன்னு மொழி ஆராய்ச்சி பண்றவங்க சொல்றாங்க. புத்த பிட்சுக்கள் சமஸ்கிருத மந்திரம் படிக்கறதுக்காக நம்ம நாட்டு எழுத்து முறைய படிச்சாங்க, அந்த வழியா போன வரிசை இது. க வரிசைன்னா க, கி, கு, கெ, கொ, அவ்ளோதான். இங்கிலீஷ்காரன் இத கண்ண மூடிக்கிட்டு உருப்போடணும், நம்ம வீட்டுப் புள்ளைக்கு வரிசை ஏற்கனவே நாக்குல இருக்கு, எழுத்தோட வடிவம் மட்டும் பழகினா போதும். தினமும் அஞ்சு எழுத்துன்னா பத்து நாள்.

வாக்கியமும் நம்ம பக்கம்தான். சண்டையில ஒரு வரி வரும், "சுராய்மு நி 3 பொயின்தோ நொ தமேஜி வொ அதாஎதா". சுராய்முங்கறது ஸ்லைம், நீல கலர்ல சொட்டு மாதிரி இருக்கற குட்டிப் பிசாசு. "நி" நம்ம "க்கு". "வொ" நம்ம "ஐ". "அதாஎதா" குடுத்தான். ஆக, "ஸ்லைமுக்கு 3 பாயின்ட் டேமேஜைக் குடுத்தான்". ஒரு சொல்லக் கூட எடம் மாத்த வேண்டியதில்ல, நாலாம் வேற்றுமை, ரெண்டாம் வேற்றுமை, கடைசியில வினை. நீங்க வகுப்புல வேற்றுமை உருபு நடத்தும்போது இத உதாரணமா காட்டினா புள்ளைங்க மறக்கவே மாட்டாங்க.

மெனுவுல வர்ற சொல்லு ஒரு பத்து பன்னெண்டு. ஹனாசு, பேசு. ஷிராபேரு, தேடிப் பாரு. ஜுமோன், மந்திரம். தோகு, சாமான். ததகாவு, சண்டை போடு. நிகேரு, ஓடிடு. ட்சுயோசா, பலம். ஹாய்னா ஆமாம், ஈஏன்னா இல்ல. ஒரு நோட்டுல ஒரு பக்கம் எழுதி டிவி பக்கத்துல வச்சுக்கட்டும்.

நான் மொதல்ல கத்துக்கிட்ட சொல்லு "ஹொய்மி". டிராகன் குவெஸ்ட் 5 ஆரம்பத்துல நாயகன் ஆறேழு வயசு பொடியன், அப்பா பப்பாஸ் கூட நடந்து போவான். வழியில ஸ்லைம் வந்து மோதும், பையனுக்கு அடி படும், சண்டை முடிஞ்சதும் அப்பா தானாவே ஒரு மந்திரம் போடுவாரு, ஹொய்மி, காயம் ஆறிடும். நாம எந்த பட்டனும் அமுக்கல. மறுபடி மறுபடி, ஒவ்வொரு சண்டை முடிஞ்சதும். அந்த சொல்லுக்கு அகராதி பாக்கவே தேவைப்படல, அப்பா புள்ளைக்கு என்ன பண்றாருன்னு கண்ணுக்கு முன்னாடி தெரியுதே. அதுக்கப்புறம் கதையில அந்த அப்பாவுக்கு என்ன ஆகுதுன்னு நான் சொல்ல மாட்டேன், உங்க தங்கச்சி மகன் தானே பாக்கட்டும். இந்தக் கேம் ஆங்கிலத்துல முறையா வந்தது 2009-ல, பதினாறு வருஷத்துக்கு மேல அந்த அப்பாவ பெரும்பாலும் ஜப்பான்காரங்க மட்டும்தான் பாத்துக்கிட்டு இருந்தாங்க.

ஃபைனல் ஃபேன்டஸி 6 மாதிரி கேமுல கான்ஜியும் கலந்து வரும், அதுக்கு போன் கேமராவுல மொழிபெயர்ப்பு போட்டு பாக்கலாம், கட்டம் கட்டமா இருக்கற பழைய எழுத்த அது அரைகுறையாத்தான் படிக்கும். அதனால முதல்ல டிராகன் குவெஸ்ட், அப்புறம் மத்தது.

கேள்வி: பென்னாகரத்துல முப்பது வருஷமா டிவி ரிப்பேர் கடை வச்சிருக்கேன் தம்பி. ரெண்டு பசங்க ஜப்பான் செட்ட கொண்டு வந்து குடுத்தாங்க, ஒண்ணு எரிஞ்சு போயே வந்துச்சு. இதுல கரன்ட் விஷயம் என்ன?

அண்ணே, உங்களுக்கு நான் சொல்லித்தரதா, ஆனாலும் மத்தவங்க படிக்கட்டும். ஜப்பான்ல வீட்டு கரன்ட் 100 வோல்ட், நம்ம ஊருல 230. அங்க இருந்து வர்ற சாமான் அடியில 100 வோல்ட்னு மட்டும் போட்டிருந்தா நேரா சுவத்துல சொருகினா செத்துச்சு. நானும் ஒரு பிளேஸ்டேஷன இப்படித்தான் இழந்தேன், வந்த சந்தோஷத்துல அடியில திருப்பி பாக்காம ராத்திரி ஒம்போது மணிக்கு சொருகினேன், பட்டுனு ஒரு சத்தம், கருகின வாசனை, வீட்ல எல்லாரும் எழுந்து வந்துட்டாங்க. ரெண்டு மாசம் சேத்த காசு.

பழைய பெரிய பிளேஸ்டேஷன்ல பவர் சப்ளை உள்ளயே இருக்கு, அதுக்கு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாம வழியில்ல. ஓசூர்லயும் கிருஷ்ணகிரியிலயும் வைண்டிங் கடையில சொன்னா 230-க்கு 100 கட்டித் தருவாங்க. அத விட சுலபம், 2000-ல வந்த சின்ன வெள்ளை பிஎஸ் ஒன் மாடல் வாங்கறது, அதுக்கு வெளிய 7.5 வோல்ட் அடாப்டர்தான், அத இங்கயே வாங்கிக்கலாம்.

சூப்பர் ஃபேமிகாமும் அதே மாதிரி வெளிய அடாப்டர். ஜப்பான் அடாப்டர தூக்கி வச்சுட்டு உள்ளூர் டிசி அடாப்டர் போடலாம், 9 அல்லது 10 வோல்ட், 850 மில்லி ஆம்பியருக்கு குறையக் கூடாது. ஆனா முக்கியமா ஒண்ணு, நடு பின்னு மைனஸ். கடையில சாதாரணமா கிடைக்கிறது எல்லாம் நடுவுல பிளஸ். மாத்திப் போட்டா உள்ள ஃபியூஸ் போயிடும், நீங்க மீட்டர் வச்சு பாத்தே குடுங்க. கிட்டார் பெடலுக்கு வர்ற 9 வோல்ட் அடாப்டர் நடுவுல மைனஸ்தான், மியூசிக் கடையில கிடைக்கும், ஆனா ஆம்பியர் கம்மியா இருக்கும், பாத்து எடுக்கணும்.

படம் கருப்பு வெள்ளையா வருதுன்னு சொல்லிக்கிட்டு வர்ற பசங்களுக்கு டிவி மெனுவுல கலர் சிஸ்டத்த என்டிஎஸ்சி 3.58-க்கு மாத்தி விட்டீங்கன்னா தீந்துச்சு. 90-கள் கடைசியில வந்த நம்ம ஊரு டியூப் டிவி நெறைய அத ஏவி வழியா எடுத்துக்கும். 1983-ல வந்த முதல் ஃபேமிகாமுக்கு மட்டும் ஏவி கிடையாது, ஆன்டெனா வழிதான், அதுவும் ஜப்பான் சேனல் அலைவரிசை, நம்ம டிவியில பிடிக்கறது பெரும் பாடு. ஏவி வச்ச ஃபேமிகாம் 1993-ல வந்துச்சு, அத வாங்கச் சொல்லுங்க. வீட்ல பழைய டியூப் டிவி இருந்தா தயவு செஞ்சு எடைக்கு போட வேண்டாம்னும் சொல்லுங்க அண்ணே, இந்தக் கேம் எல்லாம் அந்த கண்ணாடிக்காக வரைஞ்சது, அதுல பாக்கறப்ப வர்ற அழகு எல்இடியில வராது.

கேள்வி: அரூர்ல இருந்து எழுதறேன்ணா. போஸ்ட்மேன் பார்சல் கொண்டாந்து வரி கட்டணும்னு சொன்னாரு. வித்தவருகிட்ட "கிஃப்ட்"னு எழுதச் சொல்லியிருந்தா தப்பிச்சிருக்கலாமாமே?

வேண்டாம் தங்கச்சி. 2019 டிசம்பர்லயே கிஃப்ட்னு சொல்லி ஆன்லைன்ல வாங்கற சாமான வரியில்லாம கொண்டு வர்ற வழிய மூடிட்டாங்க. பொய்யா எழுதி மாட்டினா சாமானும் போகும். வரி கேசட் விலை மேல மட்டும் இல்ல, தபால் கூலியும் சேத்த தொகை மேல, அதனால தபால் செலவ கொறச்சா வரியும் கொறையும். விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுது, ஆர்டர் போடற அன்னிக்கு பாத்துக்கங்க. பழைய எலக்ட்ரானிக் சாமானுக்கு விதி கெடுபிடியா இருக்கறதால கன்சோல நான் தபால்ல வரவழைக்கறதில்ல, பெங்களூர்ல ஏற்கனவே வச்சிருக்கவங்ககிட்ட இருந்து வாங்கறேன். போஸ்ட்மேன்கிட்ட ரசீது வாங்கி வச்சுக்கங்க.

கேள்வி: தர்மபுரி. ஃபேமிகாம் டிராகன் குவெஸ்ட் 3 முக்கால்வாசி முடிச்சேன், கரன்ட் போய் வந்துச்சு, சேவ் எல்லாம் காலி. ஏதோ பயங்கரமா ஒரு மியூசிக் வேற வந்துச்சு. என்ன பண்றது?

ஐயோ. அந்த மியூசிக் ஜப்பான்ல ஒரு தலைமுறைக்கே கெட்ட கனவு, "வருத்தமா இருக்கு, உங்க சாகசப் புத்தகம் அழிஞ்சு போச்சு"ன்னு சொல்லிட்டு வர்றது. போனது போனதுதான், திரும்ப வராது.

கேசட்டுக்குள்ள சேவ காப்பாத்தறது ஒரு பொத்தான் பேட்டரி, பெரும்பாலும் சிஆர்2032. 1988-ல வந்த கேசட்டு, பேட்டரிக்கும் அதே வயசு. மீட்டர்ல 3 வோல்ட் கிட்ட காட்டினா பரவால்ல, 2.5-க்கு கீழ போனா மாத்திடுங்க. மாத்தும்போது சேவ் அழியும், அதனால வாங்கினதும் முதல் வேலையா பண்ணிடணும். கடையில இலை வச்ச பேட்டரின்னு கேட்டு வாங்குங்க, ரெண்டு பக்கமும் தகடு ஒட்டி வரும், அந்த தகட்டுல ஈயம் வைக்கலாம். சும்மா பேட்டரி மேல நேரா சால்டரிங் வச்சா சூட்டுல வெடிக்கும். சூப்பர் ஃபேமிகாம் கேசட்ட திறக்க தனி திருப்புளி, 3.8 மில்லிமீட்டர் கேம்பிட்னு பேரு, ஆன்லைன்ல கொறஞ்ச விலையில கிடைக்கும்.

ஃபேமிகாம்ல இன்னொரு பழக்கம் வேணும், ரீசெட் பட்டன அமுக்கிப் பிடிச்சுக்கிட்டேதான் பவர் ஆஃப் பண்ணணும், இல்லன்னா அணையற நேரத்துல சேவ் கெடும். நம்ம ஊரு கரன்ட் நம்மள கேட்டுட்டு போறதில்லயே, அதனால ஒரு சின்ன யுபிஎஸ் வச்சு விளையாடுங்க, கம்ப்யூட்டருக்கு வாங்கினது இருந்தா அதுவே போதும்.

அப்புறம் கேசட்ட ஊதாதீங்க. நாம எல்லாரும் சின்ன வயசுல ஊதினோம், ஜப்பான்ல பசங்களும் ஊதினாங்க, கேசட்டுக்கு பேரு கூட அங்க "கசெட்டோ"தான். ஊதினா எச்சில் ஈரம் பின்னுல பட்டு நாளாக நாளாக பச்சை பூக்கும். மெடிக்கல்ல காது குடையற பஞ்சு, எலக்ட்ரானிக் கடையில ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால், ரெண்டையும் வச்சு மெதுவா தொடச்சா போதும், கருப்பா அழுக்கு வர்றது நிக்கிற வரைக்கும்.

கேள்வி: ஊத்தங்கரை. கேம்பாய் அட்வான்ஸ் போக்கிமான் 300 ரூபாய்க்கு ஆன்லைன்ல. எடுக்கலாமா?

டூப்ளிகேட். அசல்ல கீழ பின்னுக்கு மேல பலகையில நிண்டெண்டோன்னு எழுத்து தெரியும், லேபிள் மேல சின்னதா ரெண்டு எண் அழுத்தி வச்ச தடம் இருக்கும். கேம்பாய்க்கு நாட்டுப் பூட்டு கிடையாது, ஜப்பான் கேசட்டு எந்த நாட்டு கேம்பாய்லயும் ஓடும், அதனால அங்கிருந்து அசலா எடுங்க.

கேள்வி: எல்லாம் போன்லயே எமுலேட்டர்ல, அதான் பழைய கேம ஓட்டற ஆப்ல, ஓடுதே, எதுக்கு காச கொட்டணும்? - பர்கூர்

ஓடுது. எனக்கு அந்தப் புள்ள எழுதின பேரோட அந்த கேசட்ட கையில வச்சு சொருகறது வேணும், அதுக்கு காசு குடுக்கறேன். உங்களுக்கு அது வேண்டாம்னா வாங்க வேண்டியதில்ல.

கேள்வி: தேன்கனிக்கோட்டை பக்கம் கிராமம்ணா. எங்கப்பா 96-ல பெங்களூர்ல வாங்கின டிவி கேம் பரண் மேல இருக்கு, மஞ்சள் கேசட்டு ஒண்ணும் கூடவே. கன்சோல் வாங்க காசு இல்ல. இதுல ஜப்பான் கேசட் நுழையுமா?

கேசட்ட திருப்பி அடியில பின்ன எண்ணுங்க. முன்னாடி முப்பது, பின்னாடி முப்பது, மொத்தம் 60 இருந்துச்சுன்னா உங்க பரண்ல இருக்கறது ஃபேமிகாமோட நகல். அந்தக் காலத்துல நம்ம ஊருல வித்த டிவி கேம்ல பெரும்பாலானது அப்படித்தான், ஜப்பான் ஃபேமிகாம் கேசட்டு அந்தப் பள்ளத்துல அப்படியே உக்காரும். நம்ம நாட்டு டிவிக்கு தகுந்த மாதிரி செஞ்ச நகல்ங்கறதால 100 வோல்ட் தொல்லையும் இல்ல, கலர் தொல்லையும் இல்ல. எல்லா கேமும் ஓடும்னு உறுதி குடுக்க மாட்டேன், சில கேசட்டுக்குள்ள இருக்கற விசேஷ சிப்ப சில நகல் ஏத்துக்காது.

அதனால மொதல்ல ஒரே ஒரு கேசட்டு, 1986 டிராகன் குவெஸ்ட், முதல் பாகம். பாலக்கோடு தம்பிக்கு சொன்ன மாதிரி ஒத்த கேசட்டுக்கு தபால் செலவு தாங்காது, உங்க ஏரியாவுல யாராவது பார்சல் போடறவங்ககூட சேந்து போடுங்க. அதுல பேட்டரியே கிடையாது, சாக ஒண்ணும் இல்ல. நிறுத்தணும்னா ராஜாகிட்ட போய் பேசணும், அவரு 20 எழுத்துல ஒரு மந்திரம் சொல்வாரு, ஹிரகானாவுல, "உயிர்ப்பிக்கற மந்திரம்"னு அதுக்கு பேரு. அத நோட்டுல எழுதி வச்சு அடுத்த நாள் திருப்பி அடிச்சா விட்ட எடத்துல இருந்து ஆரம்பிக்கலாம். ஒரு எழுத்து தப்பா எழுதினாலும் ஏத்துக்காது, ரெண்டு தடவ சரி பாத்துட்டு ஆஃப் பண்ணுங்க.

பழைய அடாப்டர மட்டும் அப்படியே சொருகாதீங்க, ஒயர் வெடிச்சிருக்கான்னு பாருங்க, பக்கத்துல மெக்கானிக் இருந்தா ஒரு தடவ மீட்டர்ல பாத்துக்கட்டும். ஓடுச்சுன்னா ஆரம்பத்துல நாயகனுக்கு பேரு கேக்கும், உங்கப்பாவ கூப்பிட்டு உக்கார வச்சு அவரையே வைக்கச் சொல்லுங்க. நாலு எழுத்துக்குத்தான் எடம் இருக்கு.